ஃபார்மில் லோடிங்: சுத்தினா மட்டும் போதுமா?

நம்ம கோரிமேடு ஜிப்மருக்கு விழுப்புரம், கடலூர், திண்டிவனத்துல இருந்தெல்லாம் மக்கள் வர்றாங்க. அந்த மாதிரி ஒரு பெரிய மருத்துவமனைக்கு முன்பதிவு ஃபார்ம் ஒன்றை நீங்க எழுதுறதா வெச்சுக்குவோம். பஸ்ஸில் வர்ற ஒருத்தர் பட்டனைத் தட்டுறார். சிக்னல் இல்லை, திரையில் எதுவும் மாறலை. என்ன செய்வார்? மறுபடியும் தட்டுவார். ஒரே ஆளுக்கு ரெண்டு பதிவு, வேறொரு நோயாளிக்கு இடம் போச்சு.

யாகோப் நீல்சன் 1993-இல் எழுதிய அளவுகள் இன்னைக்கும் உதவும். 0.1 நொடிக்குள் பதில் வந்தா உடனே நடந்த மாதிரி தெரியும். 1 நொடி வரை யோசனை அறுபடாது. 10 நொடி தாண்டினா கவனம் சிதறிடும். இனி ஜாவாஸ்கிரிப்ட் பக்கம் வருவோம்.

1. பட்டனின் 'கிளிக்'கில் லோடிங்கைத் தொடங்காதீங்க, ஃபார்மின் 'சப்மிட்' ஈவென்ட்டில் தொடங்குங்க. கிளிக்கில் வெச்சா, பெயர் கட்டம் காலியா இருந்தாலும் ஸ்பின்னர் சுத்த ஆரம்பிச்சிடும்.

2. முதல் வேலையா பட்டனை 'டிசேபிள்' பண்ணுங்க. அதன் எழுத்தை "பதிவாகிறது, காத்திருங்கள்" என்று மாத்துங்க. இதே வரியைப் பட்டனுக்கு வெளியே 'ஸ்டேட்டஸ்' என்ற ரோல் கொடுத்த ஒரு இடத்திலும் காட்டினா, பார்வையற்றவர்களின் ஸ்கிரீன் ரீடரும் வாசிக்கும்.

3. சர்வர் 500 பிழை அனுப்பினாலும் 'ஃபெட்ச்' அதைத் தோல்வியா எடுத்துக்காது. அதனால 'ரெஸ்பான்ஸ்.ஓகே' சரியான்னு பார்த்து, இல்லைன்னா நீங்களே எர்ரர் எறியணும்.

4. ஸ்பின்னரை மறைக்கும் வரி 'ஃபைனலி'க்குள் இருக்கட்டும். வெற்றியோ தோல்வியோ, சுத்துறது நிக்கணும். பட்டனைத் திரும்பத் திறப்பது மட்டும் 'கேட்ச்'சுக்குள். வெற்றி பெற்ற ஃபார்மில் பட்டன் மறுபடி எதுக்கு?

5. 'அபார்ட் கன்ட்ரோலர்' வெச்சு 15 நொடியில் நிறுத்தலாம். ஆனா "பதிவாகவில்லை" என்று எழுதிடாதீங்க. கோரிக்கை சர்வரைச் சேர்ந்து, பதில் மட்டும் வழியில் தொலைஞ்சிருக்கலாம். "பதில் வரவில்லை, மீண்டும் முயலுங்கள்" என்பதே உண்மை.

அப்போ மறுமுயற்சியில் ரெட்டைப் பதிவு வராதா? ஃபார்ம் திறக்கும்போதே ஒரு தனி அடையாள எண்ணை உருவாக்கி, ஒவ்வொரு முயற்சியிலும் அதையே அனுப்புங்க. அதே எண் ரெண்டாவது முறை வந்தா, சர்வர் புதுசா பதியாம பழைய பதிவையே திருப்பித் தரணும். பட்டனைப் பூட்டுறது பாதி வேலைதான், மீதி சர்வரில் இருக்கு.

எழுதி முடிச்சதும் பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸில் நெட்வொர்க் வேகத்தைக் குறைச்சு ஒரு தடவை, 'ஆஃப்லைன்' போட்டு ஒரு தடவை தட்டிப் பாருங்க. காலேஜ் வைஃபையில் மட்டும் ஓடுற ஃபார்ம், பஸ்ஸில் இருக்கிறவருக்கு உதவாது.