எறும்பின் தலைக்குள் ஒரு புழு

கேள்வி: ஒட்டுண்ணிகள் மற்ற உயிர்களின் புத்தியையே மாற்றிவிடும் என்கிறார்களே, நிஜமா?

பதில்: நிஜம்தான். ஐரோப்பிய மேய்ச்சல் நிலங்களில் ஆட்டு ஈரலில் வாழும் ஒரு தட்டைப்புழு இருக்கிறது. ஆட்டுப் புழுக்கையிலுள்ள அதன் முட்டையை நத்தை தின்னும். நத்தை வெளியேற்றும், புழுக்கள் பொதிந்த சளி உருண்டையை எறும்பு தின்னும். எறும்பின் வயிற்றில் பல புழுக்கள் தங்கிவிட, ஒன்று மட்டும் தலைக்கு ஏறி, வாய்க்கருகிலுள்ள நரம்பு முடிச்சில் குடியேறும். அப்புறம்தான் வேடிக்கை. சாயங்காலம் குளிர்ந்ததும் அந்த எறும்பு புற்றுக்குத் திரும்பாது. புல்நுனிக்கு ஏறி, தாடையால் கவ்வி, ராத்திரி முழுக்கத் தொங்கும். ஆடு மேய்ந்தால் புழுவுக்கு வீடு வந்தாயிற்று. மேயாவிட்டால்? வெயில் ஏறியதும் பிடி தளர, எறும்பு தன் வேலையைப் பார்க்கப் போய்விடும். வெயிலில் காய்ந்து எறும்பு செத்தால் புழுவும் காலி அல்லவா! தலையிலிருந்து ஆட்டுவித்த புழு மட்டும் ஆட்டுக்குள் போயும் பிழைப்பதில்லை.