தடையும் வலுவும்

மின்னியற் கணக்கென்றதும் மாணவர் சிலர் சூத்திரத்தை மனனஞ் செய்யத் தொடங்கிவிடுகின்றனர். சொல்லின் பொருள் தெளிந்த பின்னரே சூத்திரம் பயன்தரும் என்பது எமது துணிபு. மொழி கற்பிக்கும் நாம் இப்பொருளைப் பற்றி எழுத முற்பட்டதும் அதுபற்றியே.

மின்னைத் தள்ளுவது அழுத்தம். அதனை வோல்ற்றில் அளப்பர். கம்பிவழிச் செல்வது ஓட்டம். அஃது அம்பியரில் அளக்கப்படும். ஓட்டத்தை எதிர்ப்பது தடை. அதன் அலகு ஓம். ஒரு செக்கனிற் செலவாகும் சக்தியே வலு. அதன் அலகு வாற்று. தமிழகத்துப் பாடநூல்கள் வலுவைத் திறன் என வழங்கும். வலுவென்றதும் உடல்வலிமையை நினைப்போர், வலு மிகுந்த கருவிக்குத் தடையும் மிகுதி என மயங்குவதுண்டு. உண்மை அதற்கு மாறானது.

கொலோன் நகரிற் பள்ளியாசிரியராயிருந்த ஜோர்ஜ் சைமன் ஓம் என்பார் 1827 இல் வெளியிட்ட நூலில் இத்தொடர்பை விளக்கினார். அழுத்தத்தை ஓட்டத்தால் வகுக்கத் தடை வரும். அழுத்தத்தை ஓட்டத்தாற் பெருக்கின் வலு வரும்.

நம் வீடுகளுக்கு வரும் அழுத்தம் 230 வோல்ற்று. ஓர் இஸ்திரிப் பெட்டி 4.6 அம்பியர் ஓட்டத்தைப் பெறின் அதன் தடை 50 ஓம். வலு 1058 வாற்று. நீர் கொதிக்கவைக்கும் கேத்தல் 10 அம்பியர் பெறின் தடை 23 ஓம். வலு 2300 வாற்று. அழுத்தம் ஒன்றாயிருக்கத் தடை குறைந்த கருவியே மிகுந்த வலுவைக் கொள்வதைக் காண்க. அழுத்தம் 207 வோல்ற்றாகத் தாழின் அக்கேத்தலின் ஓட்டம் 9 அம்பியராகும். வலுவோ 1863 வாற்றுக்கு இறங்கிவிடும். அழுத்தத்திற் பத்திலொன்று குறைய, வலுவில் ஏறக்குறைய ஐந்திலொன்று போயிற்று!

இழைக்குமிழ் மட்டும் மாணவரைச் சற்று ஏமாற்றும். 60 வாற்றுக் குமிழின் தடை, கணக்கின்படி ஏறத்தாழ 882 ஓம். எரியாத குமிழை மானியால் அளந்தாலோ அதன் சிறு பகுதியே தெரியும். கணக்குப் பிழையன்று, தங்குதன் இழை சூடேறத் தடையும் ஏறுகின்றது.

நிற்க. கொட்டாஞ்சேனையின் பழைய வீடுகளாயினும் வெள்ளவத்தையின் அடுக்குமாடிகளாயினும், 5 அம்பியர் பிளக் பொயின்றில் இடைச்செருகி ஒன்றை மாட்டிக் கேத்தலை இணைப்பது ஆபத்தானது. 5 அம்பியருக்கு 230 வோல்ற்றில் இடங்கொடுக்கும் வலு 1150 வாற்று. கேத்தல் கேட்பதோ அதன் இருமடங்கு. அன்றியும், தளர்ந்த இணைப்பு ஒன்றில் அரை ஓம் தடை இருப்பின், 10 அம்பியர் செல்கையில் அங்கு 5 வோல்ற்று விழும். 50 வாற்று வெப்பம் அச்சிறு புள்ளியிலே பிறக்கும். பிளாஸ்ரிக் உருகுவதற்கு வேறென்ன வேண்டும்? ஓட்டம் 5 அம்பியராயின் அவ்வெப்பம் பன்னிரண்டரை வாற்று மாத்திரமே. ஓட்டம் இருமடங்காக வெப்பம் நான்மடங்காகின்றது. அருகிலிருப்போர் இதனை அறியார். பிளக்கைத் தொட்டுப் பார்ப்போர் எத்தனை பேர்?

கருவியின் அடியில் ஒட்டப்பட்ட தகட்டில் வாற்றளவு பொறிக்கப்பட்டிருக்கும். அதனை 230 ஆல் வகுத்தால் ஓட்டம் கிடைக்கும். 690 வாற்றுச் சோறாக்கும் கருவியும் மேற்கூறிய இஸ்திரிப் பெட்டியும் ஒரே 5 அம்பியர் பொயின்றில் ஒருங்கே இயங்கலாமோ என்பதை மாணவர் கணித்தறிக.