ஸ்டெப்னி இல்லாத காருக்குச் சாதா டயர்

அன்புள்ள கண்ணு,

நீ வாங்கிய பழைய பி.எம்.டபிள்யூ 3 சீரிஸ் ஒவ்வொரு குழியையும் இடுப்பில் சொல்லிவிட்டுத்தான் போகிறதாம். ரன்ஃப்ளாட் டயரைக் கழற்றிவிட்டுச் சாதா டயர் போடலாமா என்று நீ கேட்டதாக உங்கப்பன் சொன்னான். தாராளமாகப் போடலாம். கடைக்குப் போகும் முன் டிக்கியை மட்டும் ஒரு தடவை திறந்து பார்.

ஸ்டெப்னி, ஜாக்கி, வீல் ஸ்பானர் எதுவும் இருக்காது. அவன் அனுப்பிய படத்தில் பார்த்தேன். ரன்ஃப்ளாட்டில் காற்று முழுக்க இறங்கினாலும், 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல் ஓட்டினால் சுமார் 80 கிலோமீட்டர் தூரம் போய்விடலாம் என்ற கணக்கில்தான் அவற்றையெல்லாம் விட்டிருக்கிறார்கள்.

சாதா டயரில் காரைத் தாங்குவது உள்ளே இருக்கும் காற்று. ரன்ஃப்ளாட்டில் பக்கச் சுவருக்குள் கெட்டி ரப்பர் வைத்திருப்பதால், காற்று போனாலும் சுவரே தாங்கும். குழியின் அடி உன் முதுகுக்கு வருவதும் அந்தக் கெட்டித்தனத்தால்தான். எடையும் விலையும் கூடுதல். பங்ச்சர் போடுவதிலும் வம்பு உண்டு. காற்றில்லாமல் ஓடிய ரன்ஃப்ளாட் வெளியே புதுசு மாதிரி இருக்கும். ரிம்மிலிருந்து கழற்றினால் மிளகுத்தூள் போலக் கறுப்பு ரப்பர் உள்ளிருந்து கொட்டும். சுவர் சூடேறி உள்ளுக்குள்ளேயே அரைபட்டிருக்கிறது என்று அர்த்தம். அதை ஒட்டித் தருகிறேன் என்பவனிடம் காரை விடாதே.

வாங்கும்போது பழைய டயரில் உள்ள எழுத்துகளைப் படி. 225/50 ஆர்17 94டபிள்யூ என்றிருந்தால், 94 என்பது ஒரு டயர் 670 கிலோ தாங்கும் என்பதற்கான எண். டபிள்யூ என்பது 270 கிலோமீட்டர் வேகம் வரை. அந்த வேகம் உனக்கு வேண்டாம். ஆனால் சுமை எண் குறையவே கூடாது. ரிம்மை மாற்ற வேண்டியதில்லை. ஆனால் நான்கையும் சேர்த்து மாற்று. இரண்டு சாதா, இரண்டு ரன்ஃப்ளாட் என்று கலந்தால் வளைவில் முன்னும் பின்னும் வேறு வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

இனி பங்ச்சரானால் பொறுப்பு உன்னுடையது. ட்யூப்லெஸ் டயரும், காற்றழுத்தம் காட்டும் கருவியும், பங்ச்சர் கிட்டும் இருந்தால் ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று 2020இல் விதியைத் திருத்திவிட்டார்கள். சட்டம் விட்டாலும் திம்பம் மலைப்பாதை விடாது. மைசூருக்குப் போகும்போது அந்த 27 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றில் கல் கிழித்து டயரின் பக்கச் சுவர் திறந்துகொண்டால், கிட்டில் உள்ள திரவம் வழிந்துதான் போகும். தரையில் படும் பாகத்தில் ஏறிய ஆணிக்குத்தான் அது உதவும். ஊருக்குள் மட்டும் ஓட்டுபவர்களுக்குக் கிட்டும் காற்றடிக்கும் சின்ன மோட்டாரும் போதும். உனக்கு மெல்லிய ஸ்டெப்னி ஒன்றும், ஜாக்கியும், வீல் ஸ்பானரும் வேண்டும். ஸ்டெப்னி பிரேக்கில் இடிக்காமல் உட்காருகிறதா என்று கடையிலேயே மாட்டிப் பார்த்து வாங்கு. டிக்கியில் பாதி இடம் போய்விடும், போகட்டும்.

மாட்டிய பிறகு, கதவோரம் ஒட்டியிருக்கும் அளவுப்படி காற்றடித்து, அழுத்தம் காட்டும் கருவியை ரீசெட் செய். ஜாக்கி வந்ததும் வீட்டு வாசலிலேயே ஒரு தடவை சக்கரத்தைக் கழற்றி மாட்டு. இந்தக் காரில் நட்டு கிடையாது, போல்ட்தான். சக்கரத்தைத் தூக்கிப் பிடித்தபடியே ஓட்டையை நேர்பார்க்க வேண்டும். உங்கப்பனைத் துணைக்குக் கூப்பிடாதே. அவன் அம்பாசடர் ஞாபகத்தில் நட்டைத் தேடிக்கொண்டிருப்பான்.

உன் பெரியப்பா