தெருவை அளந்துட்டுப் படகு வாங்குங்க!

அம்பத்தூர், கொரட்டூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் இருக்கிற தங்கச்சிகளே, தம்பிகளே! ஐப்பசி பொறந்தா போதும், நம்ம நலச்சங்க வாட்ஸ்அப் குரூப்ல அந்தப் பேச்சு கிளம்பிடும்: "இந்த வருஷமாவது தெருவுக்கு ஒரு அலுமினியப் படகு வாங்கிடலாமா?" தாராளமா வாங்குங்க. ஆனா போட்டோவைப் பார்த்து முன்பணம் அனுப்பிடாதீங்க.

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் மழை. எங்க தெருவுல இடுப்பளவு தண்ணி. எதிர்வீட்டுப் பாட்டிக்கு மூச்சுத் திணறல். பசங்க நாலு தண்ணி டிரம்மைக் கயித்தால கட்டி, மேல ஒரு பழைய கதவைப் போட்டு, பாட்டியை பிளாஸ்டிக் நாற்காலியோட தூக்கி வெச்சாங்க. பத்தடி தாண்டல, ஒரு பக்கமா சாய்ஞ்சிடுச்சு. ரெண்டு பேர் தோள் கொடுத்ததால பாட்டி தண்ணியில விழாம தப்பிச்சாங்க. அதுக்கப்புறம் அவசர அவசரமா ஒரு படகு வாங்கினோம். அதுலயும் தப்பு பண்ணினோம். அந்தத் தப்பை நீங்களும் பண்ணக் கூடாதுன்னுதான் சொல்றேன்.

1. மழைக்காலத்துல கடைக்கு ஓடாதீங்க. வானம் இருட்டின பிறகு போனா, இருக்கிறதைத்தான் தலையில கட்டுவாங்க. சித்திரை, வைகாசியில விசாரிங்க. ஒப்பிட்டுப் பார்க்கவும், குறை இருந்தா திருப்பிக் கொடுக்கவும் அப்பதான் நேரம் இருக்கும்.

2. முதல்ல தெருவை அளங்க. ஒரு டேப், ஒரு சாக்பீஸ், அரை மணி நேரம் போதும்.
- ரெண்டு பக்கமும் கார் நிக்கும்போது தெருவோட குறுகலான இடம் எத்தனை அடி?
- 2015 வெள்ளத்துலயும் 2023 புயல் மழையிலயும் சுவர்ல தண்ணிக்கறை எந்த உயரத்துல நின்னுச்சு?
- படுத்த படுக்கையா இருக்கிறவங்க, கர்ப்பிணி, கைக்குழந்தை எந்தெந்த வீட்ல?

சந்து பன்னிரண்டு அடின்னா, பதினாலு அடிப் படகு அதுல திரும்பாது. நம்ம பக்கத்துத் தெருக்களுக்குப் பத்துல இருந்து பன்னிரண்டு அடிப் படகே சௌகரியம்.

3. அலுமினியமா, ஃபைபரா, காத்தடிக்கிற படகா?
- காத்தடிக்கிறதை மடிச்சுப் பரண்ல போட்டுடலாம். ஆனா தண்ணிக்கடியில காம்பவுண்டு கம்பியும் உடைஞ்ச கண்ணாடியும் இருக்குமே! ஒரு கீறல் போதும்.
- ஃபைபர் உறுதிதான். ஆனா கேட் முனையில பலமா மோதினா விரிசல் விடும். கனமும் கூட.
- அலுமினியம் இரும்போட எடையில மூணுல ஒரு பங்குதான். இடிச்சா பெரும்பாலும் நசுங்கும், சட்டுனு உடையாது. அடி தட்டையா இருந்தா முழங்கால் தண்ணியிலயும் தரை தட்டாம போகும்.

அதனால தெருவுல தேங்கின தண்ணிக்கு தட்டையடி அலுமினியம்தான் என் ஓட்டு.

4. நீளத்துல மயங்காதீங்க, அடி அகலத்தைக் கேளுங்க. விளம்பரத்துல போடற அகலம் மேல்விளிம்போடது. படகு ஆடாம நிக்கிறது அடித்தட்டோட அகலத்தால. மேல நாலரை அடி, அடியில மூணு அடின்னா, வயசானவங்க கால் வெச்சதுமே சாயும். நாங்க வாங்கினது அப்படித்தான். ரெண்டு அளவையும் தனித்தனியா எழுதி வாங்குங்க.

5. "எட்டுப் பேர் போகலாம்"னா நம்பாதீங்க. சின்னப் படகுக்கு ஒரு சுலபமான கணக்கு இருக்கு. நீளத்தையும் அகலத்தையும் அடியில பெருக்கி, 15-ஆல வகுங்க. பன்னிரண்டுக்கு நாலுன்னா 48. வகுத்தா மூணு பேர். துடுப்பு போடறவரையும் சேர்த்துதான் மூணு! ஒருத்தருக்கு சுமார் 70 கிலோன்னு வெச்சுக்கோங்க. மூட்டை முடிச்சு ஏத்தினா ஆளைக் குறைக்கணும்.

6. தகட்டு தடிமனை அளந்து பாருங்க. மூழ்கின பைக், தூக்கிக்கிட்ட பாதாளச் சாக்கடை மூடி எல்லாம் உரசப்போறது அடித்தட்டைத்தான். அங்க 2 மில்லிமீட்டர் இருந்தா நல்லது. 1.5-க்குக் கீழ போகாதீங்க. எப்படி அளக்கறதுன்னு முழிக்காதீங்க. அம்பத்தூர்ல தெருவுக்கு ஒரு டூல் ரூம் ஆள் இருப்பாரு. வெர்னியரோட கூட்டிட்டுப் போங்க. படகுக்குன்னு உள்ள அலுமினிய ரகம் 5052 அல்லது 5083. பில்லுல அந்த எண்ணை எழுதச் சொல்லுங்க.

7. ரிவெட்டா, வெல்டிங்கா? ரிவெட் அடிச்சது எடை குறைவு, விலையும் குறைவு. ஆனா நாளாக ஆக ஆணி தளர்ந்து கசியும். வெல்டிங் படகு கொஞ்சம் கனம், ஆனா இடிபாட்டைத் தாங்கும். அதோட, அலுமினியத்துக்கு ஆர்கான் வெல்டிங் பண்ற பட்டறைக்கு அம்பத்தூர் எஸ்டேட்ல பஞ்சமே இல்ல. பழுது பார்க்க வெளியூர் போக வேண்டாம்.

8. பணம் கொடுக்கறதுக்கு முன்னாடி படகுக்குள்ள தண்ணி ஊத்துங்க. குளத்துல இறக்கித்தான் பார்க்கணும்னு இல்ல. படகை நாலு பக்கமும் செங்கல் மேல நிறுத்துங்க. அடியில பழைய செய்தித்தாளை விரிங்க. ஹோஸ் பைப்பால ஒரு சாண் உயரத்துக்குத் தண்ணி விட்டு, அரை மணி நேரம் டீ குடிங்க. அதுக்கு மேல ரொப்பாதீங்க, கனத்துல தகடு வளைஞ்சிடும். திரும்பி வந்து பார்த்தா, கசிவு இருக்கிற இடத்துக்கு நேர்கீழ தாள் நனைஞ்சிருக்கும். அந்த இடத்துல சாக்பீஸால வட்டம் போட்டு, "இதை அடைச்சுட்டுக் கூப்பிடுங்க"ன்னு சொல்லிட்டு வந்துடுங்க. நாங்க இதைச் செய்யாம வாங்கினோம். முதல் மழையிலேயே ரிவெட் வரிசையில தண்ணி ஊறி, ஒருத்தர் சொம்பால மொண்டு ஊத்திக்கிட்டே வரவேண்டியதாச்சு.

9. பலகைக்குக் கீழ தட்டிப் பாருங்க. உட்காருற பலகைக்குள்ள மிதவை ஃபோம் நிரப்பியிருக்கணும். இல்லாத அலுமினியப் படகு, தண்ணி நிரம்பிட்டா நேரா அடிக்குப் போயிடும். இருந்தா, கவிழ்ந்தாலும் பிடிச்சுக்கிட்டு மிதக்கலாம். எங்கே, எவ்வளவுன்னு எழுத்துல வாங்குங்க.

10. மூணு விலைப்பட்டியல், ஒரே அட்டவணை. அடி அகலம், தகடு, ஃபோம், எடை, துடுப்பு, லைஃப் ஜாக்கெட், லாரி வாடகை, ஜிஎஸ்டின்னு எட்டு கட்டம் போடுங்க. வெறும் படகு விலையை மட்டும் ஒப்பிட்டா மலிவா தெரியும், எல்லாம் சேர்த்தா எகிறும். ஜாக்கெட்ல பிள்ளைங்க அளவு தனியா வாங்குங்க. பெரியவங்களோடதைப் போட்டா குழந்தை வழுக்கி வெளிய வந்துடும்.

கண்டிப்பா செய்யக் கூடாதது

- மின்சாரம் நிக்காம படகை இறக்காதீங்க. அலுமினியம் மின்சாரத்தைக் கடத்தும், கண்ணுகளா! முதல்ல மின்வாரியத்தோட மின்னகம் 94987 94987-க்குப் போன் போட்டு, லைன் நின்னுடுச்சான்னு உறுதி பண்ணுங்க. அப்பவும் தொங்குற ஒயர், டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் போகாதீங்க. ஊன்றிப் போக காஞ்ச மூங்கில் கழிதான், இரும்புக் குழாய் வேண்டவே வேண்டாம்.
- ஓடற தண்ணியில இறக்காதீங்க. தட்டையடிப் படகு தேங்கின தண்ணிக்குத்தான். கூவம் ஓரம், ஏரிக் கலங்கல், உபரிக் கால்வாய் பக்கம் போனா, இழுப்பு அதைப் பக்கவாட்டுல அடிச்சுட்டுப் போயிடும். 2015 டிசம்பர் 1 ராத்திரி செம்பரம்பாக்கம் ஏரியில இருந்து நொடிக்கு 29,000 கன அடி வரைக்கும் திறந்துவிட்டாங்க. அந்த மாதிரி வெள்ளத்துக்கு நம்ம படகு ஆகாது. தீயணைப்பு 101-க்கோ பேரிடர் உதவி 1070-க்கோ கூப்பிடுங்க. 2015-லயும் 2023-லயும் மீனவ அண்ணன்மாருங்க கடல் படகை லாரியில ஏத்திட்டு வந்து எத்தனையோ பேரைக் காப்பாத்தினாங்க. அந்தக் கை வேற, அந்தப் பழக்கம் வேற.
- எடுத்த எடுப்புலயே மோட்டார் மாட்டாதீங்க. கனம் கூடும். தண்ணிக்கடியில துணியும் கயிறும் விசிறியில சுத்திக்கும். 2021-ல வந்த உள்நாட்டுக் கலங்கள் சட்டப்படி மோட்டார் படகுக்குப் பதிவு வேணும். தெருவுக்கு மூங்கில் கழியும் ரெண்டு துடுப்பும் போதும்.
- சிமெண்ட் தரையில அப்படியே போட்டு வைக்காதீங்க. ஈரமான சிமெண்ட் பட்டா அலுமினியம் அரிக்கும். கார் பார்க்கிங்ல ரெண்டு மரக்கட்டை மேல கவிழ்த்து வைங்க.

கடைசியா ஒண்ணு. படகைச் சங்கிலி போட்டுப் பூட்டிட்டு, சாவியைச் செயலாளர் வீட்ல மட்டும் வைக்காதீங்க. அவர் ஊருக்குப் போன அன்னிக்குத்தான் மழை பெய்யும். மூணு வீட்ல மூணு சாவி வைங்க. ஆடி மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை, நாலு பேர் சேர்ந்து படகைத் தூக்கி, தெருமுனை வரைக்கும் நடந்து பாருங்க. கூடவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் படகு நடுவுல வெச்சு, கால் நாலும் சமமா உட்காருதான்னு பாருங்க. எங்க பாட்டி அப்படி ஒரு நாற்காலியிலதான் உட்கார்ந்திருந்தாங்க. உங்க தெருவுலயும் ஒருத்தர் இருப்பாங்க இல்லையா? அவங்களை மனசுல வெச்சுக்கிட்டுப் படகு பாருங்க, தப்பே வராது.