தலைப்பட்டைக்கு எந்த இறகு?

கேள்வி: 1920-களின் பாணியில் தலைப்பட்டை செய்து விற்கிறேன். வெண்கொக்கு இறகு வைக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். இனப்பெருக்கக் காலத்தில் முளைக்கும் மெல்லிய தூவிகளைத் தொப்பியில் செருகுவதற்காகவே அந்தக் காலத்தில் கொக்குகளைக் கூட்டங்கூட்டமாகச் சுட்டார்கள். குஞ்சுகள் கூட்டிலேயே பட்டினியால் செத்தன. இறகு ஏற்றுமதியை இந்தியா 1902-லேயே தடை செய்தது. தானாக உதிர்ந்த மயிலிறகை உள்நாட்டில் விற்கலாம், வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது.

உங்களுக்குச் சேவல், வாத்து இறகுகளே போதும். வெள்ளை இறகு சாயத்தை நன்றாகப் பிடிக்கும். சோப்பு நீரில் அலசி, நிழலில் உலர்த்துங்கள். வளைந்த இறகைக் கொதிநீர் ஆவியில் காட்டி நீவினால் நிமிர்ந்துவிடும். காம்புகளைத் தைத்தபின் மேலே வட்டமாக ஃபெல்ட் துணி ஒட்டுங்கள், தலையில் குத்தாது.