கொடைக்கானலில் நடக்கப் போகிறோம், காரை எடுத்துப் போகலாமா?

கேள்வி: புதுச்சேரி லாஸ்பேட்டையில் இருக்கிறோம். நான், என் கணவர், தங்கை, அவள் மகன் என நான்கு பேர் ஜனவரி கடைசியில் கொடைக்கானல் போய் மூன்று நாள் நடப்பதாகத் திட்டம். முதல் இரண்டு நாள் ஊரைச் சுற்றி. மூன்றாம் நாள் வட்டக்கானலில் கிளம்பி, வெள்ளகவி வழியாகக் கும்பக்கரைக்கு இறங்கிவிட ஆசை. வீட்டில் கார் நிற்கும்போது பஸ்ஸும் ரயிலும் எதற்கு என்கிறார் கணவர். எனக்கு என்னவோ இடிக்கிறது. போக, வர எப்படி ஏற்பாடு செய்வது?

பதில்: சரியான இடத்தில்தான் இடிக்கிறது. மூன்றாம் நாள் மாலை நீங்கள் நால்வரும் மலையடிவாரத்தில், பெரியகுளம் பக்கத்தில் நிற்பீர்கள். கார் மலை உச்சியில் நிற்கும். அதை எடுக்க ஒருவர் பெரியகுளத்திலிருந்து காட்ரோடு போய், அங்கிருந்து மலைப்பாதை முழுவதும் மறுபடி ஏற வேண்டும். நாள் முழுக்க இறங்கிக் களைத்த முழங்காலோடு இருட்டில் மலைச்சாலையில் வண்டியைத் திருப்பி ஓட்டி வர உங்கள் கணவர் தயாரா என்று கேட்டுப் பாருங்கள். கார் இருந்தால், தொடங்கிய இடத்துக்கே திரும்பும் நடையாகத்தான் அமைத்துக்கொள்ள வேண்டும். பஸ்ஸை நம்பினால் ஒரு பக்கம் ஏறி இன்னொரு பக்கம் இறங்கலாம். இ-பாஸும் இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் வெளியூர் வாகனங்கள் இ-பாஸ் எடுத்தாக வேண்டும். அரசு பஸ்ஸில் போகிறவருக்கு அது வேண்டாம்.

ஆனால் டிக்கெட் எடுக்கும் முன் வேறொன்றை முடித்தாக வேண்டும். வட்டக்கானல்–வெள்ளகவி, வனத்துறையின் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டப் பாதை. 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு தொடங்கிய திட்டம் அது. இணையத்தில் முன்பதிவு செய்து, வழிகாட்டியோடுதான் போக முடியும். 2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகு யாரும் கெடுபிடியைக் குறை சொல்வதில்லை. வெள்ளகவிக்குக் கீழே கும்பக்கரை வரை உங்களை இறங்க விடுவார்களா என்பதைக் கொடைக்கானல் வன அலுவலகத்தில் தனியாகக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். யாரோ ஒருவர் 'போகலாம் சார், கூட்டிட்டுப் போறேன்' என்று போனில் சொல்வது அனுமதி ஆகாது. கிடைக்காவிட்டால் வெள்ளகவி வரை போய்த் திரும்புங்கள். பிப்ரவரி நடுவில் காட்டுத்தீக் காலம் என்று பாதைகளை மூடிவிடுவார்கள். அதனால் ஜனவரி கடைசி நல்ல தேர்வு. பொங்கல் கூட்டமும் அதற்குள் வடிந்திருக்கும். ஆக, முதலில் அனுமதி, பிறகு ரயில், அறை கடைசியில்.

புதுச்சேரி ஸ்டேஷன் ஒரு கிளைப்பாதையின் முடிவு. தெற்கே போகும் வாராந்திர ரயில் உங்கள் தேதிக்கு ஒத்துவந்தால் அதிர்ஷ்டம். இல்லாவிட்டால் விழுப்புரம்தான் உங்கள் ஊர் ஸ்டேஷன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் ஒரு மணி நேரம். இரவுச் சாப்பாட்டை வீட்டிலேயே முடித்துக் கிளம்பி, எழும்பூரிலிருந்து மதுரை போகும் பாண்டியன் எக்ஸ்பிரஸை விழுப்புரத்தில் பிடிக்கலாம்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். எழும்பூரில் இரவு புறப்படும் தென்மாவட்ட ரயில்கள் விழுப்புரத்துக்கு நள்ளிரவை ஒட்டி வரும். பன்னிரண்டு மணி தாண்டிவிட்டால் நீங்கள் ஏறும் தேதி அடுத்த நாள். வெள்ளிக்கிழமை இரவு சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும் குடும்பம், டிக்கெட்டில் சனிக்கிழமை இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளி என்று போட்டிருப்பார்கள். பிளாட்பாரத்துக்கு வரும்போது அவர்களுடைய ரயில் முந்தின இரவே போயிருக்கும். முன்பதிவு திறக்கும் நாளும் தட்காலும், ரயில் முதல் ஸ்டேஷனில் புறப்படும் தேதியை வைத்துக் கணக்காகும். முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது, 2024 அக்டோபர் வரை 120 நாளாக இருந்தது. ஜனவரி 23 எழும்பூரில் கிளம்பும் ரயிலுக்கு நவம்பர் 24 காலை 8 மணி.

விழுப்புரத்திலிருந்து கேட்டு காத்திருப்புப் பட்டியல் வந்தால் மனம் தளர வேண்டாம். எழும்பூரிலிருந்து டிக்கெட் எடுத்து, ஏறும் இடத்தை விழுப்புரம் என்று குறிப்பிடலாம். கொஞ்சம் கூடுதல் காசு, முற்றிலும் முறையான வழி. ஏறும் இடத்தை மாற்றாமல் எழும்பூர் டிக்கெட்டோடு விழுப்புரத்தில் போய் நின்றால் மட்டும் பெர்த் வேறொருவருக்குப் போய்விடலாம்.

கொடைக்கானல் ரோடு ஸ்டேஷனில் இறங்குவதா, திண்டுக்கல்லிலா? பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். கொடைக்கானல் ரோட்டிலிருந்து கொடைக்கானல் ஏறத்தாழ 80 கிலோமீட்டர். விடியற்காலையில் அந்தச் சிறிய ஸ்டேஷனில் வாடகைக் கார்காரர்கள் சொல்வதுதான் விலை. நால்வர் பங்கு போட்டுக்கொள்ள ஒப்புக்கொண்டால் அங்கே இறங்குங்கள். பஸ்தான் என்றால் திண்டுக்கல்லே மேல்: பெரிய பஸ் ஸ்டாண்ட், டீயும் இட்லியும் கிடைக்கும், நேரடி பஸ்ஸும் உண்டு. வத்தலக்குண்டு தாண்டியதும் ஏற்றம். தங்கை மகனைப் பின்சீட்டில் உட்காரவிடாதீர்கள், கொண்டை ஊசி வளைவுகளில் வயிற்றைப் புரட்டும். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் வேண்டாம், எவர்சில்வர் பாட்டில் கொண்டு போங்கள். மதியம் போய்ச் சேர்வீர்கள். ஊர் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அன்றைக்கு ஏரியைச் சுற்றுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இந்த பஸ் சாலை மேஜர் லா திட்டமிட்டது. சாலை வருவதற்கு முன் துரைமார்கள் அம்மையநாயக்கனூர் (இன்றைய கொடைக்கானல் ரோடு) ஸ்டேஷனில் இறங்கி, இரவெல்லாம் மாட்டு வண்டியில் அடிவாரம் போய், அங்கிருந்து குதிரையிலோ டோலியிலோ ஏறினார்கள். 1821இல் லெப்டினன்ட் வார்டு கொடைக்கானலை அளக்க ஏறியது வெள்ளகவியிலிருந்துதான். நீங்கள் அவருக்கு எதிர்த்திசையில் போகிறீர்கள். வெள்ளகவியில் ஊருக்குள் செருப்பைக் கழற்றிவிட வேண்டும், கட்டிய ஷூவைச் சட்டென்று அவிழ்க்கத் தோதாகப் போடுங்கள்.

திரும்பும் நாளுக்கான சிக்கல் மூட்டைதான். ஆளுக்கு ஒரு முதுகுப்பைக்கு மேல் எடுக்காதீர்கள். சூட்கேஸ் கொண்டு போனால் அது காரைப் போலவே மேலே மாட்டிக்கொள்ளும். கும்பக்கரை அருவி குளிப்பவர்கள் வரும் இடம், மாலைக்குப் பிறகு ஆளிருக்காது. பெரியகுளத்து ஆட்டோக்காரர் ஒருவரின் எண்ணை முன்கூட்டி வாங்கி, எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று காலையிலேயே சொல்லிவிடுங்கள். பாதையில் செல்போன் சிக்னலை நம்ப முடியாது. பெரியகுளத்திலிருந்து திண்டுக்கல்லுக்கு பஸ், அங்கே இரவுச் சாப்பாடு, பிறகு சென்னை திரும்பும் அதே பாண்டியன்.

தேனியிலிருந்து சென்னைக்கு ரயில் இருக்கிறதே என்று யாராவது சொல்வார்கள். போடிநாயக்கனூர்–சென்னை சென்ட்ரல் ரயில் கரூர், சேலம், காட்பாடி வழியாகப் போகிறது. விழுப்புரம் பக்கமே வராது. அதில் ஏறினால் சென்னை போய்த்தான் புதுச்சேரி திரும்ப வேண்டும்.

இறங்கும் நேரத்தை இறுக்கமாகக் கணக்குப் போடாதீர்கள். ஒருவருக்குக் கால் பிசகினாலும் எல்லோரும் அவர் வேகத்துக்குத்தான் வர வேண்டும். மாலை ஐந்துக்குக் கும்பக்கரை என்றால்தான் இரவு ரயில் நிதானமாகக் கிடைக்கும். அது முடியாது என்று தோன்றினால் பெரியகுளத்தில் ஓர் இரவு தங்கி, மறுநாள் பகலில் வரும் ரயிலுக்கு டிக்கெட் எடுங்கள். நானாக இருந்தால் இதைத்தான் செய்வேன். பாண்டியன் விழுப்புரத்தை விடியும் முன்பே தொட்டுவிடும், அசந்து தூங்கினால் செங்கல்பட்டில்தான் விழிப்பீர்கள். இரவு ரயில்தான் என்று முடிவானால், 139க்கு போன் செய்து விழுப்புரத்துக்கு எழுப்பச் சொல்லிப் பதிவு செய்துவிட்டுத் தூங்குங்கள்.