மூச்சும் மன அமைதியும்

மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் சகோதரிகளைப் பெரிதும் வாட்டுவது, ‘மீண்டும் வருமோ?’ என்னும் அச்சமாகும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் 1979-இல் ஜான் கபாட்-சின் என்பார் மன உளைச்சல் தணிக்கும் எட்டு வாரப் பயிற்சியொன்றைத் தொடங்கினார். புற்றுநோயாளரின் கவலையும் மனச்சோர்வும் தணிய இத்தகைய பயிற்சியை அந்நாட்டுப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் 2023-இல் பரிந்துரைத்தது.

வழி எளிது. விடியலில் பத்து நிமிடம் அமைதியாக அமர்ந்து, மூச்சு வந்து செல்வதைக் கவனிக்க வேண்டும். மனம் அலையும், அது குற்றமன்று. தறியில் இழை அறுந்தால் வெகுளாது பிணைத்து மேலே நெய்கிறோமன்றோ? அவ்வாறே மனத்தை மெல்ல மூச்சுக்கு மீட்க வேண்டும்.

இப்பயிற்சி நோயைத் தீர்ப்பதன்று. அச்சத்தின் சுமையைக் குறைப்பதே. ஆகையால், மருத்துவர் குறித்த நாளில் பரிசோதனைக்கு ஜிப்மர் செல்லத் தவறலாகாது. வில்லியனூர், பாகூர் அங்கத்தினர்கள் அப்பத்து நிமிடமேனும் வீட்டு வேலையைத் தாம் ஏற்பார்களாக.